வீவக வீட்டில் பவளத் தொட்டி: எதற்குப் பிறகு எது, ஏன்

இது சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடி வீட்டில் வைக்கும் 2 அடி முதல் 3 அடி வரையிலான கடல்நீர்த் தொட்டிக்கான வழிகாட்டி. வரவேற்பறை மூலையில் தொட்டியை வைத்து மென்பவளங்களும், டங்கன், ஹாமர் போன்ற பெரிய பாலிப் (பவளக் கூட்டத்தின் ஒவ்வொரு தனி உயிரும் ஒரு பாலிப்) பவளங்களும் வளர்க்க நினைப்பவர்களை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். அக்ரோபோரா மாதிரி சிறு பாலிப் வகைகளை ஒரு வருடம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

புதிதாக ஆரம்பிப்பவர்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் வரிசையில்தான். முதலில் விளக்கு வருகிறது, அடுத்த வாரம் மீன், அதற்கடுத்த வாரம் பவளம். ஏதோ ஒன்று சுருங்கிப்போன பிறகுதான் சோதனைக் கிட் வாங்கக் கிளம்புகிறார்கள். நீரைக் குளிர்விக்கும் சில்லர் அதற்கும் பிறகு. கீழே ஒவ்வொரு படியையும் ஏன் அந்த இடத்தில் வைத்தேன் என்பதை அங்கேயே சொல்லிவிடுகிறேன்.

1. தண்ணீர் ஊற்றுவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

உப்பு அளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர், அதைச் சரிபார்க்க 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) கரைசல், நீரில் கரைந்திருப்பவற்றை நீக்கும் ஆர்ஓ டிஐ வடிகட்டி, கரைந்த பொருட்களின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர், தனி வெப்பமானி, மூடியுள்ள இரண்டு வாளிகள், சில்லர், ஆவியான நீரைத் தானாக ஈடுகட்டும் ஆட்டோ டாப் அப். சோதனைக் கிட்களில் அம்மோனியா, நைட்ரேட், பாஸ்பேட், அல்கலினிட்டி (நீரிலுள்ள கார்பனேட்டின் அளவு), கால்சியம், மெக்னீசியம் ஆறும் வேண்டும்.

பட்ஜெட் இடித்தால் விளக்கில் குறையுங்கள். மென்பவளத்துக்கும் பெரிய பாலிப் பவளத்துக்கும் 50 முதல் 150 பார் (ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படும் ஒளியின் அளவு) வரை வெளிச்சம் போதும். நடுத்தர எல்இடி விளக்கே அதைத் தரும். அல்கலினிட்டி கிட்டையும் சில்லரையும் மட்டும் "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்று தள்ளாதீர்கள். அடுத்த மாதம் பார்ப்பதற்குப் பவளம் இருக்காது.

2. இடம்

75 x 45 x 45 செ.மீ. தொட்டி கிட்டத்தட்ட 150 லிட்டர் பிடிக்கும். கண்ணாடி, கல், மணல், அடியிலுள்ள அலமாரி எல்லாம் சேர்ந்தால் எடை 200 கிலோவைச் சுலபமாகத் தாண்டும். அறையின் நடுவே வைக்காமல், உத்தரம் ஓடும் சுவரை ஒட்டி நீளவாக்கில் வையுங்கள். இதைவிடப் பெரிய தொட்டி என்றால் பொறியாளர் ஒருவரிடம் கேட்டுவிடுவது நல்லது.

மேற்கு வெயில் விழும் ஜன்னல் பக்கம் வேண்டவே வேண்டாம். மூன்று மணி வெயிலோடு சில்லர் போட்டி போட முடியாது. அந்த வெளிச்சத்தில் பாசியும் மண்டும்.

மின்கம்பிகள் ஒவ்வொன்றும் பிளக்குக்குக் கீழே தொங்கி, பிறகு மேலேறிப் பிளக்கில் சேர வேண்டும். கம்பி வழியே வழியும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது.

3. தண்ணீர்

சிங்கப்பூர்க் குழாய் நீர் குடிக்கத் தரமானது. ஆனால் அதைச் சுத்திகரிக்கக் குளோரமைன் சேர்க்கிறார்கள். சாதாரண குளோரினைப் போல ஒருநாள் திறந்து வைத்தால் பறந்துவிடும் சமாச்சாரம் இல்லை இது. கார்பன் வடிகட்டி உள்ள ஆர்ஓ டிஐ வழியாகத்தான் எடுக்க வேண்டும். வெளியே வரும் நீரில் டிடிஎஸ் 0 காட்ட வேண்டும். 2, 3 என்று ஏற ஆரம்பித்தால் டிஐ பிசினை மாற்றுங்கள்.

ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரைக்குப் போய் வாளியில் மொண்டு வரலாமே என்று கேட்பவர்கள் உண்டு. கப்பல் போக்குவரத்து மிகுந்த நீரிணை அது. நீரில் வண்டல் அதிகம், பெருமழை பெய்தால் கரையோர உப்பு அளவும் இறங்கிவிடும். பொட்டலத்தில் விற்கும் ரீஃப் உப்பையே கரைத்துக்கொள்ளுங்கள்.

கரைக்கும்போது தண்ணீரில்தான் உப்பைப் போட வேண்டும். உப்பின்மேல் தண்ணீரை ஊற்றினால் ஆரம்பத்தில் கரைசல் அளவுக்கு மீறி அடர்த்தியாகி, கால்சியமும் கார்பனேட்டும் சேர்ந்து வெள்ளையாக அடியில் படிந்துவிடும். படிந்தது திரும்பக் கரையாது. சிறு பம்ப் போட்டு ஓர் இரவு சுழலவிட்டு, 35 பிபிடி இருக்கிறதா என்று பாருங்கள். 25 டிகிரியில் அது 1.026 அடர்த்தி எண்ணுக்குச் சமம். ரிஃப்ராக்டோமீட்டரை ஆர்ஓ நீரில் பூஜ்யம் காட்டினால் போதும் என்று விட்டுவிடாதீர்கள். பூஜ்யத்தில் சரியாக இருக்கும் கருவி 35இல் இரண்டு மூன்று பிபிடி பிசகுவது சகஜம்.

அப்புறம், அடிக்கடி பார்க்கும் ஒரு தவறு. மட்டம் இறங்கியதும் உப்புநீரை ஊற்றுவது. ஆவியாவது நீர் மட்டுமே, உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. ஈடுகட்ட வேண்டியது வெறும் ஆர்ஓ நீரால்தான்.

4. வெப்பம்: நம் ஊரில் இதுதான் முதல் சோதனை

குளிர் நாடுகளில் எழுதப்படும் வழிகாட்டிகள் ஹீட்டரில் ஆரம்பிக்கும். நமக்கு அது தலைகீழ். பகலில் அறையே 30, 31 டிகிரி. பம்பும் விளக்கும் தங்கள் பங்குக்குச் சூடேற்றும். பவளத்தின் திசுவுக்குள் வாழ்ந்து அதற்கு உணவு தருவது ஜூசாந்தெல்லே என்னும் நுண்பாசி. சூடு நீடித்தால் பவளம் அந்தப் பாசியை வெளியேற்றிவிடுகிறது; வெளுப்பு என்பது அதுதான். 1998, 2010, 2016 ஆண்டுகளில் நம் தென்தீவுகளைச் சுற்றியுள்ள பவளங்களே இப்படி வெளுத்தன. கடலில் பிறந்து வளர்ந்தவற்றுக்கே அந்தக் கதி.

விசிறி போதுமா? விசிறி ஆவியாதல் மூலம் குளிர்விக்கிறது. ஈரப்பதம் மிகுந்த காற்றில் ஆவியாதல் மந்தம். இரண்டு டிகிரி இறங்கினாலே பெரிது. காளான் பவளமும், கொத்தாக வளரும் சிறு பாலிப்களான சோவாவும் 28 டிகிரியில் சமாளித்துவிடும். ஹாமர், டார்ச் பவளங்கள் வைக்க நினைத்தால் சில்லர் வாங்குங்கள் என்பதே என் கருத்து.

சில்லரை 26இல் வையுங்கள். 24இல் வைப்பதால் பவளத்துக்குக் கூடுதல் லாபம் ஒன்றுமில்லை. கம்ப்ரெசர் ஓயாமல் ஓடும், மின்கட்டணம்தான் எகிறும். பகலுக்கும் இரவுக்கும் ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தால் கவலையில்லை.

சில்லரை மூடிய அலமாரிக்குள் ஒளித்து வைப்பது அழகாக இருக்கும், வேலை செய்யாது. நீரிலிருந்து எடுத்த சூட்டை அது வெளியே தள்ள வேண்டும். கதவு மூடியிருந்தால் தான் விட்ட சூடான காற்றையே திரும்ப இழுத்துக்கொண்டிருக்கும். பின்பக்கம் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். தூசி வலையை மாதம் ஒருமுறை கழற்றிக் கழுவுங்கள்.

தனி வெப்பமானி எதற்கு என்று கேட்பீர்கள். சில்லரின் உணரி அதன் உடலுக்குள் இருக்கிறது. நீரைக் கொண்டுவரும் பம்ப் பாதி அடைத்துக்கொண்டால், சில்லருக்குள் தேங்கிய கொஞ்ச நீர் மட்டும் நன்றாகக் குளிர்ந்து திரையில் 26 என்று காட்டும். தொட்டி 29இல் இருக்கும். இரண்டு எண்களும் ஒத்துப்போகாவிட்டால் முதலில் பம்பைக் கழற்றிப் பாருங்கள்.

5. சைக்கிளும் அசிங்கமான மாதங்களும்

கல்லும் மணலும் உப்புநீரும் ஓட ஆரம்பித்த பிறகு, அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா குடியேற 4 முதல் 6 வாரங்கள் ஆகும். இதைத்தான் சைக்கிள் என்கிறார்கள். பாட்டிலில் விற்கும் பாக்டீரியா இதைச் சுருக்கும், ஆனால் சோதனையைத் தவிர்க்க உதவாது. 2 பிபிஎம் (பத்து லட்சத்தில் 2 பங்கு) அம்மோனியா போட்டு, ஒரே நாளில் அது 0 ஆனால் தொட்டி தயார். அதுவரை விளக்கு வேண்டாம். யாருக்காக வெளிச்சம்?

பிறகு மணல்மேல் பழுப்புப் படலம் வரும். அது போனதும் கல்லில் பச்சை முடிப்பாசி வரும். இரண்டும் தானாக வந்து, நத்தைகள் மேய மேயக் குறையும். இந்தக் கட்டத்தில் பயந்துபோய்ப் பாசிக்கொல்லி ஊற்றுபவர்கள்தான் தொட்டியைக் கெடுத்துக்கொள்கிறார்கள். நத்தை வாங்குங்கள், கையால் பிடுங்குங்கள், பொறுங்கள்.

6. ஒளி, நீரோட்டம்

விளக்கை 40 சதவீத அளவில் தொடங்கி, நாலு வாரத்தில் மெல்ல ஏற்றுங்கள். நாளுக்கு 8 மணி நேரம் போதும்.

நீரோட்டம் உண்டாக்கும் வேவ்மேக்கரைப் பவளத்தின்மேல் நேராகத் திருப்பக் கூடாது. எதிர்க் கண்ணாடியில் மோதித் திரும்பும் ஓட்டம்தான் வேண்டும். ஹாமரின் கைகள் மெல்ல ஆடினால் சரி. ஒரே பக்கம் படிந்து கிடந்தால் ஓட்டம் அதிகம், அசையாமல் நின்றால் குறைவு.

7. முதல் பவளத்தைத் தேர்ந்தெடுப்பது

காளான், சோவா, தோல் பவளம். இவை மூன்று மாதம் நன்றாக விரிந்திருந்தால் டங்கன், கேண்டி கேன். அதற்குப் பிறகு ஹாமர். டார்ச் கடைசியில், விலையும் அதிகம், கோபமும் அதிகம். பச்சை நட்சத்திரப் பாலிப்பைப் பிரதானக் கல்லில் ஒட்டவிடாதீர்கள். கம்பளம்போல் பரவி மற்றவற்றை மூடிவிடும். மணலில் தனிக்கல்லில் வைத்தால் பிரச்சினை இல்லை.

பாசிர் ரிஸ் பண்ணைகளுக்கோ செராங்கூன் நார்த் கடைகளுக்கோ போனால் நீல விளக்கில் எல்லாமே ஜொலிக்கும். வெள்ளை விளக்கைப் போடச் சொல்லிப் பாருங்கள். பெரிய பாலிப் பவளத்தில் சதை எலும்புக்கூட்டின் விளிம்பு வரை படிந்திருக்க வேண்டும். விளிம்பில் வெள்ளைக் கோடு தெரிந்தால் சதை பின்வாங்க ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். இன்று வந்திறங்கிய சரக்கை இன்றே வாங்காதீர்கள். முன்பணம் கொடுத்து ஒரு வாரம் கழித்து எடுத்துக்கொள்ளுங்கள். பிழைக்காதது அங்கேயே தெரிந்துவிடும்.

பாத்தாமிலிருந்தோ பாலியிலிருந்தோ பையில் போட்டுக் கொண்டுவரும் யோசனை வேண்டாம். கல்பவளங்கள் எல்லாம், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பின்னிணைப்பில் உள்ளவை. இங்கே கொண்டுவரத் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி வேண்டும். தென்தீவுகளில் நீந்தப் போனாலும் கை வைக்காமல் வாருங்கள்.

8. வீட்டுக்கு வந்த அன்று

பையை மூடியபடியே 20 நிமிடம் தொட்டியில் மிதக்கவிடுங்கள். வெப்பம் சமமானதும் பை நீரின் உப்பு அளவைப் பாருங்கள். சில கடைகள் உப்பைக் குறைத்தே ஓட்டுகின்றன. வித்தியாசம் 2 பிபிடிக்கு மேல் இருந்தால் அரைமணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டி நீரைக் கலந்து சமமாக்குங்கள். பை நீர் தொட்டிக்குள் போகக் கூடாது, சாக்கடைக்குத்தான்.

கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். சோவா வகைகளில் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு. அவை ஒட்டிய கல்லைக் கொதிநீரில் போடவே கூடாது. ஆவியோடு கிளம்பும் நஞ்சைச் சுவாசித்துக் குடும்பமே மருத்துவமனைக்குப் போன சம்பவங்கள் வெளிநாடுகளில் நடந்திருக்கின்றன.

இனி, ஒட்டி வரும் புழுக்களைப் போக்கும் மருந்துக் குளியல். ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் தொட்டி நீரை எடுத்து, பவள டிப் மருந்தைப் புட்டியில் சொன்ன அளவு விடுங்கள். வெள்ளைக் கிண்ணம்தான் வேண்டும். பவளத்தை வைத்து, ஊசியில்லாத பெரிய சிரிஞ்சால் சதை மடிப்புகளுக்குள் நீரைப் பீய்ச்சுங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் அடியில் துகள்கள் விழும். குனிந்து பாருங்கள். சிலது வெறும் மணல். சிலது ஓரம் சுருண்டு நெளியும், தட்டைப்புழு. சோவா கொத்தில் இருந்து விழுந்த ஒன்று, சோவாவின் நிறத்திலேயே முதுகில் இதழிதழாக எழும்பி மெல்ல ஊர்ந்தால், அது சோவாவைத் தின்னும் ஓடில்லாக் கடல் நத்தை. தொட்டிக்குள் இருந்தால் அதைக் கண்டுபிடிக்கவே முடியாது.

மருந்து புழுவைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது. பவளம் ஒட்டியிருக்கும் சிறு அடிக்கட்டையான பிளக்கின் அடிப்பக்கத்தில் சுருள் சுருளாகவோ பசைபோலவோ ஒட்டியிருந்தால் சுரண்டி எடுங்கள். முடிந்தால் பிளக்கையே வெட்டி எறிந்துவிட்டுப் புதியதில் ஒட்டுங்கள். ஒரு வாரம் கழித்து இன்னொரு குளியல். இந்த இரண்டாவது குளியலைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

9. தொட்டிக்குள் எங்கே

எந்தப் பவளமாக இருந்தாலும் முதல் வாரம் மணலில், வெளிச்சம் குறைந்த ஓரத்தில். கடை விளக்கும் உங்கள் விளக்கும் ஒன்றல்ல. பிறகு வாரத்துக்கு ஒரு படியாக மேலே.

ஹாமர், டார்ச் இரவில் நீண்ட கொட்டும் கைகளை நீட்டும். சுற்றிலும் 15 செ.மீ. காலியாக விடுங்கள். பகலில் பார்த்து "இடம் நிறைய இருக்கிறதே" என்று நடுவில் ஒன்றைச் செருகினால் மறுநாள் அதன் ஒரு பக்கம் வெந்தாற்போல் இருக்கும். தோல் பவளம் நீரிலேயே ரசாயனத்தைக் கலந்து சண்டை போடும் ரகம். அதை வைத்திருந்தால் கார்பன் பையை மாதந்தோறும் மாற்றுங்கள்.

வைத்த பிறகு தொடாதீர்கள். தினம் இடம் மாற்றினால் எந்த இடமும் அதற்குப் பழகாது.

10. அல்கலினிட்டி

பவளம் எலும்புக்கூடு கட்டும்போது கால்சியத்தையும் கார்பனேட்டையும் சேர்த்து எடுத்துக்கொள்கிறது. 1 டிகேஎச் (அல்கலினிட்டியை அளக்கும் அலகு) இறங்கும் அளவு வளர்ச்சிக்குக் கால்சியம் சுமார் 7 பிபிஎம்தான் இறங்கும். 420இல் 7 போனது கிட்டில் தெரியவே தெரியாது. 8இல் 1 போனது பளிச்சென்று தெரியும். அதனால்தான் அல்கலினிட்டியை வாரம் இரண்டு முறை பார்க்கச் சொல்கிறேன், கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் மாதம் இரண்டு முறை பார்த்தால் போதும்.

இலக்கு: அல்கலினிட்டி 8 முதல் 9 டிகேஎச், கால்சியம் 400 முதல் 450, மெக்னீசியம் 1250 முதல் 1350. இதில் 8.0ஆ 8.8ஆ என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். எந்த எண்ணில் இருக்கிறதோ அங்கேயே நிற்க வேண்டும். திங்கள் 7, வியாழன் 10 என்று ஆடும் தொட்டியைவிட, எப்போதும் 7.5இல் நிற்கும் தொட்டியில் பவளம் நன்றாக இருக்கும்.

பவளம் கொஞ்சமாக இருக்கும்வரை வாரம் 10 சதவீத நீர்மாற்றம் போதும். அதை மீறி இறங்க ஆரம்பித்தால் கணக்குப் போடுங்கள். எதுவும் சேர்க்காமல் மூன்று நாள் விடுங்கள்; திங்கள் காலை 8.6, வியாழன் காலை 7.7 என்றால் நாளுக்கு 0.3 செலவு. 100 லிட்டரை 1 டிகேஎச் ஏற்றச் சுமார் 3 கிராம் சமையல் சோடா வேண்டும். 150 லிட்டர் தொட்டியில் கல், மணல் போக உள்ள நீர் 120 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், நாளுக்கு ஒரு கிராமுக்குச் சற்று மேல். கடையில் அழகான புட்டியில் விற்பதில் பெரும்பகுதி இதுதான். சோடா மட்டுமே உள்ள பொட்டலமாக இருக்கட்டும். பேக்கிங் பவுடர் வேறு பொருள், அதில் அமில உப்பும் மாவும் கலந்திருக்கும்.

ஆர்ஓ நீரில் கரைத்து, ஓட்டம் உள்ள இடத்தில் மெதுவாக விடுங்கள். ஒரே நாளில் 1 டிகேஎச்சுக்கு மேல் ஏற்றாதீர்கள். கால்சியமும் சேர்ப்பதாக இருந்தால் அதே நேரத்தில் வேண்டாம். இரண்டும் சந்தித்தால் வெண்மையாகப் படியும். சோடா காலையில், கால்சியம் மாலையில். எவ்வளவு போட்டாலும் இரண்டும் ஏறவில்லை என்றால் மெக்னீசியத்தைப் பாருங்கள். அது குறைவாக இருக்கும்போது மற்ற இரண்டும் நீரில் நிற்காது.

ஏசி போட்டு ஜன்னலை மூடித் தூங்கும் வீடுகளில் இரவில் பிஎச் 7.8க்கு இறங்கும். அறையில் சேரும் கரியமில வாயுதான் காரணம். அதற்குச் சோடாவை ஏற்றாதீர்கள். நுரையோடு கழிவைப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மரின் காற்றுக் குழாயை ஜன்னலுக்கு வெளியே விடுங்கள்.

11. உணவு

நைட்ரேட் 0, பாஸ்பேட் 0 என்று காட்டினால் பெருமைப்படாதீர்கள். பவளம் பட்டினி. நிறம் வெளிறி, மணலில் குமிழி தொங்கும் பழுப்புச் சளி வர வாய்ப்பு உண்டு. டைனோ என்பார்கள், போக்குவது பெரும்பாடு. நைட்ரேட் 5 முதல் 10, பாஸ்பேட் 0.03 முதல் 0.1 இருக்கட்டும். இரண்டு மீன் வைத்து ஒழுங்காகத் தீனி போட்டாலே பெரும்பாலும் இந்த அளவு வந்துவிடும். டங்கனுக்கு வாரம் ஒருமுறை ஒரு மைசிஸ் இறால்.

12. வீட்டுக்குள் நடப்பவை

டெங்கி பரவும் காலத்தில் புளோக்கில் கொசு மருந்துப் புகை அடிக்கும் அறிவிப்பை மின்தூக்கிப் பக்கம் ஒட்டுவார்கள். அந்த அறிவிப்பைப் படிக்கும் பழக்கம் வேண்டும். கொசு மருந்துகளில் உள்ள பைரித்ராய்டு வகை நஞ்சு இறால், நண்டு, மீனுக்கு மிகக் கொடியது. ஜன்னலை அடைத்து, ஸ்கிம்மரை நிறுத்தி, தொட்டியையும் அதன் கீழுள்ள வடிகட்டித் தொட்டியான சம்பையும் துணியால் மூடுங்கள். வேவ்மேக்கர் ஓடட்டும். புகை கலைந்த பின் புதுக் கார்பன் போடுங்கள். வீட்டுக்குள் ஸ்பிரே அடிப்பதும் அதே கணக்கில்தான். ஸ்கிம்மர் அறைக்காற்றை உறிஞ்சி நீரில் கலக்கும் கருவி என்பதை மறக்க வேண்டாம். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடும்போதும் அரைமணி நேரம் நிறுத்திவிடுங்கள்.

அதே கொசு விஷயத்தில் இன்னொன்று. ஏடிஸ் கொசு முட்டையிடுவது தேங்கிய நன்னீரில். டாப் அப் வாளியில் இருப்பது சுத்தமான தேங்கிய நன்னீர். இறுக்கமான மூடி இல்லாவிட்டால் சோதனைக்கு வரும் அதிகாரி முதலில் எட்டிப் பார்ப்பது அங்கேதான்.

தேங்காய் எண்ணெய், சன்ஸ்கிரீன், கைக் கிரீம் எது பூசியிருந்தாலும் முழங்கை வரை கழுவிவிட்டுக் கையை விடுங்கள்.

13. வெளுத்தால் ஒன்று, உரிந்தால் வேறு

வெள்ளையாகிவிட்டது என்றதும் பதறாமல் அருகில் போய் டார்ச் லைட் அடித்துப் பாருங்கள். வெள்ளைக்கு மேல் கண்ணாடி போன்ற சதை படிந்திருந்து, பாலிப் அசைந்தால் அது வெளுப்பு. உயிர் இருக்கிறது. வெப்பத்தையும் விளக்கையும் குறையுங்கள், தீனி கொடுங்கள். சில மாதங்களில் நிறம் திரும்பலாம்.

சதையே இல்லாமல் எலும்பு பளிச்சென்று தெரிந்தால் உரிதல். பெரும்பாலும் அல்கலினிட்டி துள்ளியிருக்கும். அன்றே அளந்து பாருங்கள். பரவிக்கொண்டிருந்தால் நல்ல பகுதியை வெட்டித் தனியே வையுங்கள்.

ஹாமரில் பழுப்புக் கூழ் கசிந்தால் காத்திருக்கவே கூடாது. பம்புகளை நிறுத்தி, கூழைக் குழாயால் உறிஞ்சி வெளியேற்றி, அந்தத் தலையை வெட்டிவிட்டு மீதியை டிப் செய்யுங்கள். பம்ப் ஓடினால் கூழ் சிதறிப் பக்கத்துத் தலைகளுக்கும் தொற்றிவிடும்.

எது நடந்தாலும் ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். விளக்கு, உப்பு, மருந்து மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று கடைசிவரை தெரியாது.

14. டிசம்பரில் ஊருக்குப் போகும்போது

கிளம்புவதற்கு முந்தைய இரண்டு வாரத்தில் புதுப் பவளம், புது மீன், புதுக் கருவி எதுவும் வேண்டாம்.

டாப் அப் வாளியைப் பெரிதாக்கத் தோன்றும். யோசியுங்கள். மிதவை சிக்கிக்கொண்டால் வாளியில் உள்ளதெல்லாம் தொட்டிக்குள் போய்விடும். 120 லிட்டரில் 10 லிட்டர் நன்னீர் சேர்ந்தால் 35 பிபிடி சுமார் 32 ஆகும், பவளம் தாங்கும். 40 லிட்டர் சேர்ந்தால் 26 ஆகும், சம்பும் வழியும். 10 லிட்டர் வாளியே இருக்கட்டும். பக்கத்து வீட்டு ஆண்ட்டியிடமோ தம்பியிடமோ வாரம் ஒருமுறை நிரப்பச் சொல்லுங்கள். ஆர்ஓ நீரை முன்கூட்டியே மூடியுள்ள கேன்களில் பிடித்து, ஒவ்வொன்றிலும் தேதி எழுதி வைத்துவிடலாம்.

மீன் தீனியை வார மாத்திரைப் பெட்டியில் கிழமை கிழமையாகப் பிரித்து வையுங்கள். டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போனால் பாசத்தில் அள்ளிப் போடுவார்கள்.

மின்சாரம் ஊரெல்லாம் போவது இங்கே அபூர்வம். வீட்டுக்குள் மின்கசிவு பிரேக்கர் விழுவதுதான் நடக்கும், அதுவும் ஆள் இல்லாதபோது. மின்சாரம் நின்றதும் தானாக ஓடும் பேட்டரி ஏர் பம்ப் ஒன்றை மாட்டிவிடுங்கள். எந்த சுவிட்சை எப்படி மேலே தூக்க வேண்டும் என்று படம் எடுத்து, சாவி கொடுக்கும் ஆளுக்கு அனுப்பிவிடுங்கள். அவரிடம் கேட்க வேண்டியது இரண்டே படங்கள்: வெப்பமானி, சம்பின் நீர்மட்டம். வெப்பமானி 28ஐத் தாண்டினால் முதலில் விளக்கை அணைக்கச் சொல்லுங்கள். அடுத்து, உறையவைத்த தண்ணீர் பாட்டிலை மூடியோடு சம்பில் மிதக்கவிடச் சொல்லுங்கள். கிளம்பும் முன்பே நாலு பாட்டில் ஃப்ரீசரில் இருக்கட்டும்.